கணக்கு நமக்கா, நாம் கணக்குக்கா?



ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பையனுடைய புத்தகப் பையைத் தாய் ஒழுங்குபடுத்துகிறாள். அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் அகப்படுகிறது. திறந்து பார்க்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறது. முதல் பத்தியில் தேதி, அடுத்ததில் ஏதோ ஒரு பெயர், அதற்கடுத்து ‘வர வேண்டியது’, பிறகு ‘வந்தது’, கடைசியில் ‘மொத்தம்’. 42 நாளாக ஒரு நாள்கூடத் தவறவில்லை. அடித்தல் திருத்தல் கிடையாது. மளிகைக் கடைப் பேரேடுகூட இவ்வளவு சுத்தமாய் இராது.

‘பையனுக்குக் கணக்குப் பாடத்தில் அக்கறை வந்துவிட்டது’ என்று பெற்ற மனம் குளிர்கிறது. சாயங்காலம் விசாரித்தால், அது செல்போன் விளையாட்டில் வரும் பரிசுகளின் கணக்காம்! பால் கணக்கைக் காலண்டரில் குறித்து வை என்று ஆறு மாதமாய்ச் சொல்லியும் ஒரு நாளாவது குறிக்காத பிள்ளை, இல்லாத ஊரில் கிடைக்கும் இல்லாத கற்களுக்கு நாள் தவறாமல் வரவு எழுதியிருக்கிறான்.

நோட்டைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும் என்று அவளுக்கு ஒரு பக்கம் கோபம். ‘இவ்வளவு ஒழுங்கு என் பிள்ளையிடத்தில் இருக்கிறதா!’ என்று மறுபக்கம் வியப்பு. இரண்டில் எது நியாயம்? இந்த வாரம் நாம் சேர்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி அதுதான். ஒழுங்கு, சிக்கனம், பொறுமை இவையெல்லாம் நற்குணங்கள் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். எதற்காகச் செலவிட்டாலும் அவை நற்குணங்களாகவே இருக்கின்றனவா?

விஷயம் தெரியாத பெரியவர்களுக்காகச் சற்று விவரமாய்ச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட விளையாட்டுகள் பல உண்டு, ஒன்றை எடுத்துக்கொள்வோம். கென்ஷின் இம்பாக்ட் என்பது அதன் பெயர். சீன தேசத்து ஷாங்காய் நகரத்தைச் சேர்ந்த மிஹோயோ என்னும் கம்பெனி 2020 செப்டம்பர் 28-ல் அதை வெளியிட்டது. செல்போனில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மலையும் கடலும் பட்டணங்களும் நிறைந்த ஒரு கற்பனை உலகத்தில் வீரர்களை நடத்திச் செல்வதுதான் ஆட்டம். அதன் சித்திரங்களும் சங்கீதமும் மெச்சத்தக்கவை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அதில் புதிய வீரர்களைப் பெறுவதற்கு ஒரு குலுக்கல் உண்டு. காசு போட்டுத் திருகினால் டப்பி ஒன்று உருண்டு விழும். உள்ளே என்ன பொம்மை என்பது திறந்த பிறகே தெரியும். அத்தகைய யந்திரங்கள் ஜப்பானில் 1965 முதல் கடைகளில் நின்றன. திருகும்போது எழும் ஓசையைக் கொண்டே ‘காச்சா’ என்று பெயர் வந்தது. அந்த யந்திரமே இன்று செல்போனுக்குள் புகுந்திருக்கிறது. மேற்சொன்ன விளையாட்டில் ஒரு தரம் குலுக்க 160 கற்கள் வேண்டும். பிரைமோஜெம் என்பது கல்லின் பெயர். குலுக்கலுக்கு அவர்கள் சூட்டியிருக்கும் பெயரோ ‘விஷ்’, அதாவது ஆசை! பெயர் வைத்தவர்கள் மனுஷ சுபாவத்தை அறிந்தவர்கள்.

கற்களைக் காசுக்கும் வாங்கலாம்; ஆடியும் சம்பாதிக்கலாம். தினசரி வேலைகளை முடித்தால் ஒரு நாளைக்கு 60 கல். அதற்கு மேல் ‘ஈவென்ட்’ என்னும் விசேஷங்கள் வரும். வழக்கமாய் 6 வாரத்துக்கு ஒரு தரம் விளையாட்டு புதுப்பிக்கப்படும். அந்த 42 நாளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல விசேஷங்கள். சில நாள் நிற்கும், அல்லது இரண்டு மூன்று வாரம் நிற்கும், பிறகு மறைந்துபோகும். நடுத்தரமான ஒரு விசேஷத்தில் 420 கல் கிடைப்பது வழக்கம். மறைவதற்குமுன் ஆடி முடிக்காதவனுக்கு அந்த 420 இல்லை. நோட்டுப் புத்தகம் பிறந்தது இங்கேதான். எந்த விசேஷம் எப்போது தொடங்கும், எப்போது முடியும், எவ்வளவு தரும், எவ்வளவு வாங்கியாயிற்று என்று எழுதி வைக்காவிட்டால் ஏதேனும் ஒன்று கை நழுவிவிடும்.

பையனைக் கண்டிக்குமுன் அவனுடைய கட்சியையும் கேட்க வேண்டும் அல்லவா? கேட்டால் அவன் சொல்லக்கூடியது அற்பமானதல்ல.

“அம்மா, கணக்கு எழுதுகிறவன்தான் ஏமாறமாட்டான்” என்பான். வாஸ்தவமே. மிக உயர்ந்த தர வீரன் ஒருவன் ஒரு குலுக்கலில் விழுவதற்கு உள்ள வாய்ப்பு 1,000-க்கு 6 மாத்திரம். ஆனால் 90 குலுக்கலுக்குள் அத்தரத்தில் ஒருவன் நிச்சயம் வந்தாக வேண்டும் என்பது அவ்விளையாட்டின் விதி. 90 குலுக்கலுக்கு 14,400 கல். தினசரி வரும் 60 கல்லை மட்டும் சேர்த்தால் 240 நாள் ஆகும்! அத்தோடு முடிந்ததா? அப்படி வருகிறவன் நாம் விரும்பியவன்தான் என்பதற்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. அவன் வராமல் வேறொருவன் வந்துவிட்டால் அடுத்த 90-க்குள்தான் நிச்சயம். ஆக 28,800 கல், 480 நாள். விசேஷப் பரிசுகள் இந்தக் காலத்தைக் குறைக்கும். 420 கல் என்பது 7 நாள் தினக்கூலிக்குச் சமானம் அல்லவா?

இந்தக் கணக்கை அறியாதவன் என்ன செய்கிறான்? ‘இன்னும் ஒரே ஒரு தரம்’ என்று அப்பாவின் பணத்தை அனுப்புகிறான். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. இதே விளையாட்டை வெளியிடும் கம்பெனி சிறுவர்களிடத்தில் குலுக்கலின் உண்மையான செலவையும் வாய்ப்பையும் மறைத்துக் குழப்பியது என்று ஐக்கிய அமெரிக்காவின் வாணிப ஆணையம் குற்றம் சாட்டிற்று. 2025 ஜனவரியில் அந்தக் கம்பெனி 2 கோடி டாலர் செலுத்தவும், அந்நாட்டில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் சம்மதமின்றிக் குலுக்கல் விற்காதிருக்கவும் உடன்பட்டது. அரசாங்கமே தலையிட வேண்டியிருந்த ஓரிடத்தில் நம் பையன் ஒரு பென்சிலையும் நோட்டையும் கொண்டு தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறான். ஒரு பைசா செலவழிக்கவில்லை. ஆசையை அடக்கி மாதக்கணக்கில் காத்திருக்கிறான். இதற்கு விவேகம் என்று பேர் சொல்லலாமா, கூடாதா?

தாராளமாய்ச் சொல்லலாம். ஆகையால் பெற்றோர்களே, நோட்டைக் கிழிக்க வேண்டாம். அதில் உங்கள் பிள்ளையின் நல்ல அம்சம் எழுதப்பட்டிருக்கிறது. கிழித்தால் அந்த நல்ல அம்சத்தைத்தான் கிழிப்பீர்கள்.

நிற்க. பையனுக்குச் சாதகமானதைச் சொல்லியாயிற்று. இனி அந்த நோட்டை இன்னொரு தரம் உற்றுப் பாருங்கள்.

முதல் பத்தியில் தேதிகள் இருக்கின்றன. அந்தத் தேதிகளைக் குறித்தது யார்? பையன் அல்ல. ஆசியாவுக்குரிய சர்வரில் விளையாடுகிறவர்களுக்கு ஒரு நாள் முடிந்து மறுநாள் பிறப்பது நம் ஊர்க் கடிகாரப்படி இரவு 1½ மணிக்கு! விசேஷம் முடிவதும் பெரும்பாலும் அந்த வேளையில்தான். நம் ஊரில் கோழி கூவுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பரீட்சைக்கும் பண்டிகைக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் யார் காய்ச்சலாய்ப் படுத்திருக்கிறார்கள் என்பதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் தினக்கூலிக்கு 42 நாளில் ஒரு நாளும் விடுமுறை கிடையாது. நோட்டு பையனுடையது, கோடு போட்டவனும் பையன்தான், ஆனால் நாட்களை அளந்து கொடுத்தவன் வேறொருவன். அந்த வேறொருவனுக்கு வேண்டியது பையன் நாள்தோறும் வந்து திறப்பது. இன்று காசு கொடுக்காமல் ஆடுகிறவனும் நாளும் வந்துகொண்டிருந்தால் என்றாவது ஒரு நாள் கொடுக்கக்கூடும் அல்லவா?

மனுஷ மனத்தின் ஒரு பலவீனத்தை இங்கே கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஜோசப் நூனெஸ், சேவியர் டிரேஸ் என்னும் இருவர் செய்த ஒரு பரீட்சையை 2006-ல் பிரசுரித்தார்கள். மோட்டார் கார் கழுவும் ஒரு கடையில் 300 வாடிக்கைக்காரர்களுக்கு அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருடைய அட்டையில் 8 கட்டங்கள். 8 தரம் கழுவினால் ஒரு தரம் இலவசம். மற்றப் பாதிப் பேருடைய அட்டையில் 10 கட்டங்கள். ஆனால் அவற்றில் 2 கட்டங்களுக்கு முன்னதாகவே முத்திரை குத்திக் கொடுத்தார்கள். யாருக்கானாலும் இன்னும் 8 தரம்தான் கழுவ வேண்டும். ஆயினும் வெறும் அட்டை வாங்கியவர்களில் 100-க்கு 19 பேர்தான் முடித்தார்கள். இரண்டு முத்திரையோடு வாங்கியவர்களில் 34 பேர் முடித்தார்கள். ஏன்? ‘தொடங்கியாயிற்று, பாதியில் விடலாமா?’ என்ற எண்ணந்தான். தொடங்கியதை முடிக்க வேண்டும் என்பது நல்ல குணம். அந்த நல்ல குணத்தையே கயிறாகத் திரித்து நம்மைக் கட்டி இழுக்கலாம் என்பதை வியாபாரம் கண்டுகொண்டது. விளையாட்டில் முதல் நாள் உள்ளே நுழைந்தாலே ஒரு பரிசு விழுவதும், 7 நாளில் 2 நாள் நிரம்பியாயிற்று என்று காட்டுவதும் அந்த இரண்டு முத்திரையின் தம்பி தங்கைகளே.

இன்னொரு பரீட்சை குழந்தைகளைப் பற்றியது, 1973-ல் வெளிவந்தது. மார்க் லெப்பர் என்பவரும் இரண்டு சகாக்களும், சித்திரம் வரைவதில் இயல்பாகவே பிரியமுள்ள சின்னஞ்சிறு குழந்தைகளைத் தெரிந்தெடுத்தார்கள். சிலருக்கு ‘வரைந்தால் பரிசுப் பத்திரம் தருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் கொடுத்தார்கள். சிலருக்கு முன்னால் ஒன்றும் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல், பேனாவையும் காகிதத்தையும் மேஜைமேல் வைத்துவிட்டு மறைந்திருந்து கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள் இப்போது மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். பரிசு வந்தது, பிரியம் போய்விட்டது.

வாசகர்களே, நம் பையன் நஷ்டப்படுவது எங்கே என்று இப்போது தெரிகிறதா? அவன் காசை இழக்கவில்லை. நேரத்தை இழக்கிறான் என்றாலும், விளையாட்டுக்குச் செலவாகும் நேரமெல்லாம் வீண் என்று நாம் சொல்லமாட்டோம். பிள்ளைகள் விளையாட வேண்டும். அவன் இழந்தது விளையாட்டையே. ஆரம்பத்தில் அந்தக் கற்பனை மலையின்மேல் ஏறிச் சூரியோதயத்தைப் பார்த்துப் பிரமித்து நின்ற பையன், இப்போது மலையைப் பார்ப்பதில்லை. அதன் உச்சியில் எத்தனை கல் என்று பார்க்கிறான். விசேஷத்தில் சொல்லப்படும் கதையைப் படிப்பதில்லை. பொத்தானை அழுத்தி அழுத்திக் கடக்கிறான். கதை முடிந்தால்தானே 420 வரும்!

‘அதெல்லாம் நிலையாத சாமான், ஒரு நாள் அழிந்துபோகும், அதற்கா இந்தப் பாடு?’ என்று பெரியவர்களில் சிலர் நியாயம் பேசுவார்கள். அழியும் என்பது மெய். டிராகாலியா லாஸ்ட் என்ற விளையாட்டு 2018 செப்டம்பரில் தொடங்கி 2022 நவம்பர் 30-ல் மூடப்பட்டது. நாலு வருஷமாய் விசேஷந்தோறும் ஆடிச் சேர்த்தவர்களுடைய சேகரமெல்லாம் அந்த ஒரே நாளில் போயிற்று. ஆனாலும் இந்த நியாயம் முழு நியாயம் ஆகாது. விடியற்காலையில் வாசலில் போடும் கோலம் மத்தியானத்துக்குள் மிதிபட்டு அழிகிறது. அதனால் கோலம் போடுவது வீண் என்று எந்தத் தாயும் சொன்னதில்லை. போடும் நேரத்திலேயே அதன் பலன் கைக்கு வந்துவிடுகிறது. அழிவது குற்றமாகாது. அழிவதற்குமுன் நாம் அதில் இருந்தோமா என்பதே கேள்வி.

அரிஸ்டாட்டில் தம்முடைய ஒழுக்க நூலின் தொடக்கத்திலேயே இந்த நியாயத்தை ஆராய்கிறார். ஒன்றை மற்றொன்றுக்காகவும், அதை வேறொன்றுக்காகவும் நாடிக்கொண்டே போனால், அதற்காகவே நாடத்தக்கதாய் ஏதாவது ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆசை முழுவதும் வெறுமையாய்ப் போகும் என்பது அவர் கருத்து. இதைப் பையனுடைய நோட்டில் வைத்துப் பாருங்கள். விசேஷம் எதற்கு? கல்லுக்கு. கல் எதற்கு? குலுக்கலுக்கு. குலுக்கல் எதற்கு? பலசாலியான வீரனுக்கு. பலசாலியான வீரன் எதற்கு? அடுத்த விசேஷத்தை எளிதாய் முடிப்பதற்கு! செக்கைச் சுற்றி வரும் மாடு நாள் முழுக்க நடக்கிறது. ஊர் போய்ச் சேருவதில்லை. ஆனால் செக்கிலாவது எண்ணெய் இறங்கும்.

கணக்கு எழுதுவதே தவறு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நம் வீடுகளில் மொய் நோட்டு இருக்கிறது. கல்யாணத்துக்கு யார் வந்தார், எவ்வளவு எழுதினார் என்று பத்திரமாய் வைத்திருக்கிறோம். எதற்காக? அவர் வீட்டில் விசேஷம் வரும்போது மறவாமல் போய், வாங்கியதற்குக் குறையாமல் செய்ய வேண்டும் என்பதற்காக. அங்கே கணக்கு உறவுக்கு ஊழியம் செய்கிறது. ஆனால் அதே நோட்டை வைத்துக்கொண்டு ‘இவர் போன தடவை ஐந்நூறுதான் எழுதினார், இவரைக் கூப்பிட வேண்டாம்’ என்று பேச ஆரம்பித்தால், அன்றைக்கே உறவு கணக்குக்கு ஊழியம் செய்யத் தொடங்கிவிட்டது. நோட்டு ஒன்றுதான், எஜமான் மாறிப்போனான்.

அமெரிக்க தேசத்துப் பெஞ்சமின் பிராங்க்ளினும் ஒரு சிறு நோட்டு வைத்திருந்தார். தாம் அடைய விரும்பிய 13 நற்குணங்களை எழுதி, குணம் ஒன்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாரத்தின் 7 நாளுக்கும் கோடு போட்டார். அன்றன்று தவறினால் அந்தக் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. கட்டங்கள் வெறுமையாய் இருப்பதே அவருடைய விருப்பம்! தாம் நினைத்த பூரணத்தை அடையவில்லை என்றும், முயற்சி செய்ததனால் முன்னிலும் நல்லவனாகவும் சந்தோஷமுள்ளவனாகவும் ஆனதாகவும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அவருடைய நோட்டுக்கும் நம் பையனுடைய நோட்டுக்கும் கோடுகளில் வித்தியாசமில்லை. பிராங்க்ளின் எதை எண்ணுவது என்பதைத் தாமே தீர்மானித்தார். எண்ணியதனால் அவர் மாறினார். பையனுடைய நோட்டில் மொத்தம் மாறுகிறது, அவன் மாறுவதில்லை.

பிள்ளையைச் சுட்டிய விரலை இப்போது நம் பக்கமும் கொஞ்சம் திருப்புவோமா? பெரியவர்களாகிய நமக்கு மாத்திரம் இந்த நோட்டு இல்லையா? பணம் அனுப்பும் ஆப்பில் சுரண்டுகிற அட்டை விழுந்ததா என்று பார்க்கிறோம். கடன் அட்டையில் புள்ளி சேர்க்க வேண்டும் என்பதற்காக வேண்டாத பொருளை வாங்குகிறோம். ஆடித் தள்ளுபடி இன்றோடு கடைசி என்று கேட்டதும், பீரோவில் கட்டாத சேலை நாலு இருக்க, ஐந்தாவதற்கு ஓடுகிறோம். கைக்கடிகாரம் 10,000 அடி காட்டவில்லையே என்று இரவு பத்து மணிக்குக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறோம். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு பேசிக்கொண்டே நடந்த நடையோ, கடிகாரம் மேஜையில் கிடந்ததனால் ‘வீணாய்ப் போயிற்று’ என்கிறோம்! நடை வீணாகிவிட்டதா? எண்ணப்படாதது நடக்கவேயில்லை என்று நம்பத் தொடங்குவது எவ்வளவு பெரிய மயக்கம்! பையனுடைய நோட்டு வெளியே தெரிகிறது, நம்முடையது தெரியவில்லை. அவ்வளவே.

அப்படியானால் நல்ல கணக்கு எது, நம்மை ஆளும் கணக்கு எது என்று எப்படிக் கண்டறிவது? சிறு பிள்ளைக்கும் விளங்கக்கூடிய மூன்று கேள்விகள் உண்டு.

முதலாவது: இன்றைக்குப் பரிசு ஒன்றுமில்லை என்றால், இதைச் செய்வேனா? ‘செய்வேன், எனக்குப் பிடிக்கும்’ என்றால் அது இன்னும் விளையாட்டுத்தான். ‘சீச்சீ, எதற்கு?’ என்றால், அது கூலியில்லாத வேலையாகிவிட்டது.

இரண்டாவது: ஒரு நாள் தவறினால் மனச் சமாதானம் போகிறதா? நோட்டில் ஒரு கட்டம் காலியாய் இருப்பதைச் சகிக்க முடியாதவன் அந்தக் கட்டத்துக்கு அடிமை. ஒரு பழக்கம் நம்முடையதா அல்லது நாம் அதனுடையவர்களா என்பது அதைச் செய்யும்போது தெரியாது. விடும்போதுதான் தெரியும்.

மூன்றாவது: இந்தக் கட்டத்தை நிரப்பும்போது எது காலியாகிறது? 420 கல்லை வரவு வைத்த அந்த அரை மணி நேரத்தில் பாட்டி இரண்டு தரம் கூப்பிட்டாள். ‘இதோ வருகிறேன்’ என்ற பதில் மட்டும் போயிற்று. தங்கை ஒரு கணக்குச் சொல்லிக்கொடுக்கக் கேட்டாள். அவள் கேட்டதற்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை. நோட்டில் ‘வந்தது’ என்ற பத்தி உண்டு, ‘போனது’ என்ற பத்தி இல்லை. பற்று எழுதாமல் வரவு மாத்திரம் எழுதும் கணக்கை எந்தக் கணக்குப்பிள்ளையும் கணக்கென்று ஒப்புக்கொள்ளமாட்டார்.

இந்தக் கேள்விகளைப் பையனிடத்தில் எப்படிக் கேட்பது? அதட்டிக் கேட்டால் பதில் வராது, நோட்டுத்தான் ஒளிந்துகொள்ளும். ஆகையால் தாய்மாரே, தகப்பன்மாரே, ஒரு நாள் சாயங்காலம் பக்கத்தில் உட்காருங்கள். “தம்பி, இதை எனக்கும் கொஞ்சம் விளங்கச் சொல்லேன்” என்று கேளுங்கள். அவன் கண்கள் பளிச்சிடும். 90 என்பான், 160 என்பான், வாய்ப்பு என்பான். வாத்தியாரிடம் பேசாத கணிதத்தை உங்களிடம் பேசுவான். முழுக்கக் கேளுங்கள். நடுவில் உபதேசம் வேண்டாம். அவனுடைய சிக்கனத்தையும் பொறுமையையும் வாய்விட்டு மெச்சுங்கள். அவை மெய்யான குணங்கள்.

பிறகு ஒன்று கேளுங்கள்: “இந்த நாற்பத்திரண்டு நாளில் எந்த நாள் உனக்கு மெய்யாகவே சந்தோஷமாய் இருந்தது?” அவன் யோசிப்பான். சிநேகிதன் ஒருவனோடு சேர்ந்து ஆடி இருவரும் விழுந்து விழுந்து சிரித்த ஒரு நாளைச் சொல்லக்கூடும். அந்த நாளில் எத்தனை கல் என்று பார்த்தால் அநேகமாய் அற்பத் தொகையாய் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பவன் அவனாகவே இருக்கட்டும். நீங்கள் சுட்டிக்காட்டினால் அது உங்கள் நியாயம். அவனே கண்டுகொண்டால் அவனுடைய ஞானம்.

பணம் செலுத்தும் ரகசிய எண்ணை மாத்திரம் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் தாட்சணியம் வேண்டாம். குலுக்கலுக்கு முன்னால் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். பிள்ளையைச் சோதனைக்கு உள்ளாக்கிவிட்டுப் பிறகு தண்டிப்பது நியாயமாகாது.

இன்னும் ஒரு காரியம். இவ்வளவு சுத்தமாய்க் கணக்கு எழுதத் தெரிந்த பிள்ளைக்கு வீட்டுக் கணக்கில் ஒரு பங்கு கொடுங்கள். ‘பால் கணக்கை எழுது’ என்று ஏவினால் அது ஏவல். “இந்த மாதம் கரண்டுச் செலவு ஏன் ஏறிற்று என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்; மிச்சம் பிடித்தால் பாட்டிக்குக் கண்ணாடி மாற்றலாம்” என்று ஒப்படைத்தால் அது நம்பிக்கை. அந்தப் பேரேட்டில் கடைசிப் பத்தி ஒரு மனுஷியின் பார்வையில் போய் முடிகிறது. அங்கே செக்கு மாடு இல்லை. வண்டி மாடு இருக்கிறது. அது ஊர் போய்ச் சேரும். ஒழுங்கு, சிக்கனம், பொறுமை எல்லாம் கருவிகள். கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறான் பிள்ளை. காய் நறுக்கக் கொடுக்க வேண்டியது நாம்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நற்குணங்கள் எதற்குச் செலவானாலும் நற்குணங்களா? அவை ஒரு நாளும் கெட்டுப்போவதில்லை. ஆனால் களவு போகக்கூடும். உழவனுடைய நல்ல மாட்டை அயலான் ஓட்டிப்போய்த் தன் வயலில் உழுதால், மாட்டின் பேரில் குற்றமில்லை. மாட்டைத் திரும்ப ஓட்டி வர வேண்டியதுதான் நம் வேலை.

திரும்ப ஓட்டி வருவதற்கு ஓர் எளிய வழியைச் சொல்லி முடிக்கிறோம். இந்த வாரத்தில் ஒரு நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். அன்றைக்குப் பையன் தன் நோட்டில் ஒரு கட்டத்தை மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றே காலியாய் விடட்டும். அவன் மாத்திரம் அல்ல. தாயும் தன் தள்ளுபடி அட்டையில் ஒரு முத்திரையை விட்டுக்கொடுக்கட்டும். தகப்பனும் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடக்கட்டும். அந்த ஒரு நாளில் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று ராத்திரி சாப்பாட்டு வேளையில் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். 60 கல் போயிருக்கும். ஒரு முத்திரை போயிருக்கும். சில ஆயிரம் அடிகள் எண்ணப்படாமல் போயிருக்கும்.

சேர்ந்து உட்கார்ந்து பேசிய அந்த வேளையை எந்தப் பத்தியில் எழுதுவது என்று பையன் கேட்டால், எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள்.